கழுவிய பின் மிஞ்சுவது

நான்கு சிறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி ரத்தம். மூடிகளின் நிறம் சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா. பத்து முறை நன்றாகக் குலுக்கி, 37 டிகிரியில் நிற்கவைத்துவிட்டால், குறைந்தது 16 மணி நேரம், அதிகம் போனால் 24 மணி நேரம், அவற்றுக்குள் நடப்பது நடந்துகொண்டிருக்கும். ஒருவர் கையிலிருந்து வெளியேறிவிட்ட ரத்தம் அந்த இரவு முழுக்க உயிரோடு வேலை செய்கிறது.

காசநோய்த் தொற்றைத் தேடும் இந்தப் பரிசோதனையில் என் மனத்தைப் பிடித்து நிறுத்தியது இதுதான். சர்க்கரைக்கும் உப்புக்கும் எடுக்கிற ரத்தம், எடுத்த நிமிடத்து நிலையைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். இங்கே ரத்தத்திடம் ஒரு கேள்வியைக் கேட்டு வைத்துவிட்டு, மறுநாள் பதில் வாங்கப் போகிறோம்.

*

கேள்வி பச்சை, மஞ்சள் மூடிக் குழாய்களுக்குள் இருக்கிறது. காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களிலிருந்து செய்த துண்டுகள் அவற்றின் உட்சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும். ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்பவை அந்தப் புரதங்கள். இந்தக் கிருமியை என்றைக்கோ சந்தித்த உடம்பில், அதை நினைவு வைத்திருக்கும் டி செல்கள் சில சுற்றிக்கொண்டிருக்கும். லட்சக்கணக்கான செல்களுக்கு நடுவே அவை மிகச் சில. துண்டுகளை அடையாளம் கண்டதும் அவை காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து வெளியே விடுகின்றன.

செல்லுக்குள் 166 அமினோ அமிலங்களின் கோவையாக அது உருவாகிறது. வெளியேறும் வழியில் முன்பகுதியில் இருக்கும் 23 வெட்டுப்படும். வெளியே வந்தபின் இரண்டு இரண்டாகச் சேர்ந்துதான் வேலை பார்க்கும். கிருமியை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் தவிக்கும் விழுங்கு செல்களிடம் போய், ‘உள்ளே இருப்பதைக் கொல்’ என்று சொல்வது அதன் வேலை. ஆய்வகத்தில் நாங்கள் பிளேட்டில் அளப்பது அந்தச் சொல்லின் அளவை. கிருமி எங்கள் கைக்கு வருவதேயில்லை.

இந்தச் சொல்லைக் கேட்க முடியாமல் பிறந்த குழந்தைகள் உண்டு. 1996-ல் மால்டாவிலும் துனிசியாவிலும் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தைகளிடம் இன்டர்ஃபெரான் இருந்தது, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பழுதாகியிருந்தது. மண்ணிலும் நீரிலும் கிடக்கும், நம்மில் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாத மைக்கோபாக்டீரியாக்களும், பிறந்ததும் போடுகிற பிசிஜி ஊசியில் இருக்கும் சாதுவான கிருமியும் அவர்கள் உடம்பெங்கும் பரவின. ஏரித்தண்ணீரில் குதித்துக் குளிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள். நாம் சேற்றில் கால் வைத்து நடமாடுவதே இந்தப் புரதத்தின் தயவில்தான்.

*

ஊதா மூடிக் குழாயைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அதில் இருப்பது ராஜ்மா இனத்து அவரையிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். பைட்டோஹீமாக்ளூட்டினின் என்று நீளமான பெயர். அது டி செல்களிடம் எந்த நினைவையும் கேட்பதில்லை. அகப்பட்ட செல்களையெல்லாம் தட்டியெழுப்பிச் சுரக்கவைக்கும். சாம்பல் மூடிக் குழாயிலோ ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மட்டும்தான். யாரும் எதுவும் கேட்காமலே அந்த ரத்தத்தில் எவ்வளவு இன்டர்ஃபெரான் இருந்தது என்பதை அது சொல்லும். மற்ற மூன்றின் அளவிலிருந்தும் அந்த அளவைக் கழித்துவிட வேண்டும்.

பச்சையும் மஞ்சளும் மௌனமாக இருந்தால், உடனே ‘தொற்று இல்லை’ என்று எழுதிவிட முடியாது. ஊதாவைப் பார்க்க வேண்டும். அது பேசியிருந்தால், இந்த உடம்பால் பேச முடியும், இந்தக் கிருமியைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை என்று பொருள். ஊதாவும் மௌனமாக இருந்தால், கழித்துப் பார்த்தபின் மில்லிக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் கீழே நின்றால், முடிவு ‘இல்லை’ ஆகாது, ‘சொல்ல இயலவில்லை’ ஆகும். எச்ஐவி-யால் டி செல்கள் குறைந்தவராக இருக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவராக இருக்கலாம். ரத்தம் சூட்டுப் பெட்டிக்கு வர நேரமாகிச் செல்கள் சோர்ந்திருக்கலாம். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் ரத்தம் எடுத்த 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரிக்குப் போயாக வேண்டும் என்பது விதி.

பதில் இல்லாததையும் பதில் சொல்ல முடியாததையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஏற்பாட்டை இவ்வளவு சிறிய குழாய்க்குள் வைத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. நோயில் மெலிந்தவரைத்தான் காசநோய் முதலில் தேடி வருகிறது. அவருடைய மௌனத்தை நலம் என்று படித்துவிட்டால் அதைவிடக் கொடுமை இல்லை.

*

பிளேட் என்று நாங்கள் சொல்வது உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி, 96 குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் காமா இன்டர்ஃபெரானைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டப்பட்டிருக்கும். நோயாளியின் பிளாஸ்மா 50 மைக்ரோலிட்டர். அதே இன்டர்ஃபெரானின் வேறொரு பக்கத்தைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி 50 மைக்ரோலிட்டர். அந்த இரண்டாவது ஆன்டிபாடியின் முதுகில் பெராக்ஸிடேஸ் என்ற நொதியை ஏற்றியிருப்பார்கள். அறையின் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் விட வேண்டும்.

பிறகு கழுவுவது. குறைந்தது ஆறு முறை.

இந்த வேலையில் மனம் ஒன்றிப்போகும் நேரம் இதுதான். குழிக்குள் போனதில் மிகப் பெரும்பகுதி நமக்கு வேண்டாதது. பிளாஸ்மாவின் அல்புமின், நூறு வகை வேறு புரதங்கள், எதையும் பிடிக்காமல் மிதக்கும் ஆன்டிபாடிகள். எல்லாம் போக வேண்டும். அடியில் உள்ள ஆன்டிபாடி ஒரு பக்கமும் மேலே உள்ளது மறுபக்கமும் இறுகப் பிடித்திருக்கும் மூலக்கூறு மட்டும் தண்ணீருக்கு அசையாமல் நிற்கும். ஒரே பிடியில் தவறு நேரலாம். சம்பந்தமில்லாத புரதம் ஒன்று அடி ஆன்டிபாடியில் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் மறுபக்கம் இரண்டாவது ஆன்டிபாடிக்குப் பழகிய பக்கமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சாண்ட்விச் எலைசா என்கிற இந்த முறையின் நம்பகம் முழுவதும் இந்த இரட்டைப் பிடியில் இருக்கிறது.

கழுவுவதில் அவசரப்பட்டால் மிதந்துகொண்டிருந்த நொதி குழியில் தங்கிவிடும், இல்லாத இன்டர்ஃபெரான் இருப்பதாகக் காட்டும். கழுவும் நீரைக் குழியில் சற்று நேரம் ஊறவிட வேண்டும். கடைசியில் பிளேட்டைக் கவிழ்த்து உறிஞ்சுதாளின் மேல் தட்ட வேண்டும். யாரும் பாராட்டாத இந்த அரை மணி நேர வேலையின் மேல்தான் ஒருவருக்குப் போகப்போகும் முடிவு நிற்கிறது.

அதன்பின் நிறமூட்டும் கரைசல். நொதி இருக்கும் குழிகளில் நீலம் மெல்ல ஊறும். முப்பது நிமிடத்தில் அமிலம் விட்டு நிறுத்தினால் நீலம் மஞ்சளாகும். ஐந்து நிமிடத்துக்குள் 450 நானோமீட்டர் ஒளியில் ரீடர் அதைப் படிக்கிறது. அதே பிளேட்டில் அளவு தெரிந்த நான்கு கரைசல்களும் ஓடியிருக்கும்: 4, 1, 0.25, பூஜ்யம். அவை போடும் கோட்டின் மேல் வைத்துத்தான் நோயாளியின் மஞ்சளை எண்ணாக மாற்றுகிறோம். கோடு சரியாக விழவில்லையென்றால் பிளேட் முழுவதையும் தள்ளிவிட வேண்டியதுதான்.

*

செங்கல்பட்டு மாவட்டத்துப் படாளத்தில் இருக்கிறது மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அரவைப் பருவத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். ஆலையிலும் அளவுதான் எல்லாம். டன் கணக்கில் கரும்பை நிறுத்து, சாற்றின் சர்க்கரையை ஒளியைச் செலுத்திப் பார்க்கிறார்கள். சர்க்கரைக் கட்டுமானம் ஒன்பதரையா பத்தா என்பதில் விவசாயியின் வருடம் அடங்கியிருக்கிறது. அங்கே நூற்றில் பத்துப் பங்கு. எங்கள் பிளேட்டில் தொற்று உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோடு மில்லிக்கு 0.35 அலகு. எடையாகச் சொன்னால் ஏறத்தாழ 17 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். கரும்புச் சாற்றில் சர்க்கரையைப் பார்க்கிற கண்ணால் இதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனாலும் அந்தப் பதினேழு பிகோகிராமுக்குள் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கின்றன. எடைக்குத் தென்படாதது நிறத்துக்குத் தென்படுகிறது. ஒரு நொதி மூலக்கூறு சளைக்காமல் திரும்பத் திரும்ப நிறத்தை உண்டாக்குவதால்தான் இது கைகூடுகிறது.

நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களின் கடைசியில் கதிரியக்க அடையாளம் இட்டு ரத்தத்து இன்சுலினை அளந்தார்கள். பெர்சன் 1972-ல் இறந்துபோனார். நோபல் பரிசு 1977-ல் யாலோவுக்கு வந்தது. 1971-ல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் கதிரியக்கத்தை விலக்கி நொதியை வைத்தார்கள். நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் அதே ஆண்டில் அதையே செய்தது. மாவட்ட அளவிலான ஓர் ஆய்வகம் இப்படி ஒரு புரதத்தை அளக்க முடிகிறது என்றால், ஈயக் கவசமும் உரிமமும் வேண்டாதபடி அவர்கள் செய்து கொடுத்ததுதான் காரணம்.

*

இந்தப் பரிசோதனை முதலில் மாடுகளுக்காக உருவானது. 1990-ல் ஆஸ்திரேலியாவில் மாட்டின் காமா இன்டர்ஃபெரானை அளக்கும் சாண்ட்விச் முறையை வெளியிட்டார்கள். அந்த நாடு மாட்டுக் காசநோயை ஒழிக்கும் வேலையில் இருந்தது. தோலில் ஊசி போட்டுப் பார்ப்பதென்றால், எல்லையற்ற மேய்ச்சல் நிலத்தில் திரியும் மாடுகளை ஒருமுறை மடக்கிப் பிடித்து, மூன்று நாள் கழித்து மறுபடியும் பிடிக்க வேண்டும். ரத்தம் என்றால் ஒரே தடவை போதும். மனிதருக்கான வடிவத்தை அமெரிக்கா 2001-ல் ஏற்றது. ஈசாட்-6, சிஎஃப்பி-10 சேர்ந்த வடிவம் அதற்கு அடுத்து வந்தது.

*

காசநோய்த் தடுப்பூசி பற்றி உலகில் எங்கே எழுதினாலும் செங்கல்பட்டின் பெயர் வந்துவிடும். அந்தப் பழைய மாவட்டம் இன்று பிரிந்து கிடக்கிறது. 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. பிசிஜி தடுப்பூசி ஆய்வு நடந்த ஊர்கள் பாலாற்றுக்கு வடக்கே, பெரும்பாலும் இன்றைய திருவள்ளூர்ப் பக்கம். படாளம் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. ஆனாலும் ஏரியும் வயலும் செம்மண்ணும் ஒரே மாதிரிதான்.

1968-ல் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து செய்த வேலை. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்குப் பிரெஞ்சு வகை பிசிஜி, சிலருக்கு டேனிஷ் வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு வீரியங்கள், ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத நீர். ஊசி போட்டவருக்கும் போட்டுக்கொண்டவருக்கும் எது எது என்று தெரியாது. வீடு வீடாகப் பெயர் எழுதி, எக்ஸ்ரே எடுத்து, சளி வாங்கி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1979-ல் முதல் அறிக்கை வந்தது. நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பை 1999-ல் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்குப் பயனில்லை, சிறுவர்களுக்குச் சொற்பம் என்று அதே முடிவுதான் நின்றது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு பிசிஜி இன்றும் போடப்படுகிறது. போட வேண்டும்.

ஏன் தடுக்கவில்லை என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று நம் மண்ணைப் பற்றியது. கையில் இரண்டு விதமான சாற்றை ஊசியாகப் போட்டுத் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்தபோது, மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியாக்களுக்கான சாற்றுக்கு இந்த ஊர்க்காரர்களில் மிகப் பெரும்பாலோரின் தோல் வீங்கியது. சிறு வயதிலேயே உடம்பு அந்த இனத்துக்குப் பழகிவிட்டது. புதிதாகப் போட்ட ஊசிக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்பது ஒரு வாதம்.

அந்த மில்லிமீட்டர்களைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வீங்கிய தோல் எதற்காக வீங்கியது? காசநோய்க்கா, குழந்தைப் பருவத்தில் போட்ட பிசிஜிக்கா, நாற்று நடும்போது காலில் பட்ட சேற்றுக்கா? மூன்றுக்கும் பொதுவான புரதங்கள் அந்தச் சாற்றில் கலந்திருந்தன. உழைப்பில் குறை இல்லை, நேர்மையில் குறை இல்லை. கருவியால் அதற்குமேல் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிரிக்கும் வழி பிசிஜிக்குள்ளேயே ஒளிந்திருந்தது. கால்மெத், கெரான் என்ற இருவர் பிரான்ஸில் லீல் நகரத்தில் 1908 தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள், பித்தநீர் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில், மாட்டுக் காசநோய்க் கிருமியைத் தலைமுறை தலைமுறையாக மாற்றி மாற்றி வளர்த்தார்கள். நடுவில் முதல் உலகப் போர் வந்து போனது. 230 தடவை மாற்றிய பிறகு அது நோய் தராத கிருமியானது. அந்த ஆண்டுகளில் அதன் மரபணுத் தொகுப்பிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்து போயிருந்தது என்பது 1990-களில்தான் தெரியவந்தது. ஈசாட்-6-ம் சிஎஃப்பி-10-ம் இருந்த துண்டு அது. மண்ணில் வாழும் இனங்களிலும், ஒரு சிலவற்றைத் தவிர, அது கிடையாது. ஆகவே இந்த இரண்டு புரதங்களுக்கு ஒரு ரத்தம் பதில் சொன்னால், அது ஊசியின் நினைவாகவோ சேற்றின் நினைவாகவோ இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. லீல் நகரத்து உருளைக்கிழங்கில் தொலைந்தது எங்கள் பச்சை மூடிக் குழாயில் விடையாகிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு ஓய்வதில்லை.

*

0.34. 0.36.

இரண்டு பேர். ஒருவருக்கு ‘இல்லை’, ஒருவருக்கு ‘உண்டு’. ஒரே ஆளின் ரத்தத்தையே வெவ்வேறு இரண்டு நாட்களில் எடுத்துப் பார்த்தால் இவ்வளவு வித்தியாசம் வரும். குலுக்கிய விதம், குழாயில் நிரம்பிய அளவு, ரத்தம் காத்திருந்த மணிகள், எல்லாம் இந்த இரண்டாம் தசமத்தில் ஏறி உட்காரும். தென்னாப்பிரிக்காவில் இதை ஆராய்ந்தவர்கள் 0.2-லிருந்து 0.7 வரை உறுதியில்லாத பரப்பு என்று கொள்ளச் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. அச்சில் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் போட்டு எண்ணை மறைத்துத் தரும் அறிக்கை மருத்துவருக்குப் பாதித் தகவலைத்தான் தருகிறது. எண்ணோடு தர வேண்டும், நான்கு குழாயின் எண்ணையும் தர வேண்டும்.

சேவாகிராமத்தில் 2004-ல் 726 மருத்துவமனைப் பணியாளர்களிடம் தோல் ஊசியையும் இந்த ரத்தப் பரிசோதனையையும் ஒன்றாகச் செய்து பார்த்தார்கள். இரண்டும் நூற்றுக்கு நாற்பதை ஒட்டியே தொற்று காட்டின, பெரும்பாலும் ஒத்தும் போயின. நோயாளிகளின் அருகில் வேலை செய்பவர்கள் எதைச் சுமக்கிறார்கள் என்பதை அந்த எண் வெளிப்படையாகச் சொன்னது.

*

பாசிட்டிவ் என்ற சீட்டோடு வருபவர் முகம் மாறிவிடுகிறது. அவரிடம் சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும். இந்தப் பரிசோதனை கிருமியைச் சந்தித்த உடம்பைக் காட்டுகிறது. நோய் வந்துவிட்டதா, கிருமி உறங்குகிறதா, எப்போதோ அழிந்துபோய் நினைவு மட்டும் தங்கியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், இதே வகைப் பரிசோதனையில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. இவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர். இருமலோடும் காய்ச்சலோடும் வருபவருக்கு நோயைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அவருக்குச் சளிப் பரிசோதனைதான் வேண்டும். ரத்தத்து ஆன்டிபாடியைப் பார்த்துக் காசநோய் உண்டு இல்லை என்று சொன்ன கிட்டுகளை இந்திய அரசு 2012-ல் தடையே செய்தது. நல்ல முடிவு. எத்தனையோ பேர் தேவையில்லாமல் மருந்து தின்றிருப்பார்கள், எத்தனையோ பேர் மருந்து கிடைக்காமல் போயிருப்பார்கள்.

இந்தப் பரிசோதனைக்கு உரிய இடம் நோயாளியின் வீடு. ஒருவருக்குச் சளியில் கிருமி என்றால், அவரோடு ஒரே கூரையின் கீழ் படுக்கும் அண்ணி, மாமியார், பள்ளிக்கூடம் போகும் பெண். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தடுப்பு மருந்தைத் தொடங்கிவிடலாம். மற்றவர்களில் தொற்று உள்ளவருக்கு வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரம் மாத்திரை என்ற முறை இப்போது வந்திருக்கிறது. ஆரோக்கியமாக நடமாடும் ஒருவரைப் பன்னிரண்டு வாரம் மாத்திரை விழுங்கச் சொல்வதற்கு ஆதாரம் வேண்டாமா என்று கேட்டால், அந்த ஆதாரம்தான் பிளேட்டின் மஞ்சள்.

*

ஆனால் 37 டிகிரிப் பெட்டியும், ரீடரும், 16 மணி நேரக் கெடுவும் எல்லா ஊருக்கும் எட்டாது. கருங்குழியிலும் ஒட்டிவாக்கத்திலும் எடுத்த ரத்தம் பாசஞ்சர் ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து சேர வேண்டியிருக்கும். இதற்காகவே அதே ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்களை ஊசி மருந்தாக்கி முன்கையின் தோலில் போடும் முறை வந்திருக்கிறது. புனேயில் தயாராகும் சை-டிபி என்ற அந்த மருந்துக்கு 2022-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனமும் அந்த ஆண்டே இந்த வகையைப் பரிந்துரைத்தது. 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் தடிப்பு ஐந்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தொற்று. பழைய ஆய்வின் அதே அளவுகோல், இப்போது சேற்றையும் பிசிஜியையும் பிரித்தறியும் கேள்வியோடு.

கிராமத்துக்கு இதுவே ஏற்றது என்று நினைக்கிறேன். ரத்தப் பரிசோதனையை, எச்ஐவி உள்ளவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர் என்று ஊதாக் குழாயின் சாட்சியம் தேவைப்படுகிறவர்களுக்கு ஒதுக்கலாம். தோலில் போடும் ஊசிக்கு ஊதாக் குழாய் கிடையாது. தடிப்பு வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை.

இன்னொன்று, மூன்றாம் நாள். ஊசி போட்டவர் திரும்பி வர வேண்டும். கரும்பு வெட்டுக் கூலிக்குப் போகிறவருக்கு அரவைப் பருவத்தில் ஒரு நாள் கூலி போனால் போனதுதான். கேம்ப் போடும் தேதியை வெட்டுக் குழுவின் மேஸ்திரியிடம் கேட்டு வைக்க வேண்டும். வர முடியாதவரின் கையை அளக்க, ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியர் வயலுக்குப் போக வேண்டும். அவருக்கு வண்டிச் செலவு யார் தருவது என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.